தேடத் தொடங்கும் உனக்கு

கண்ணு, வேலை, சம்பளம், வீடு என்று எல்லாம் ஓரளவு அமைந்த பிறகும் உள்ளே ஏதோ நிறையாமல் இருக்கிறது என்றாய். சாமியைத் தேட வேண்டும் போல இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்று தயங்கித் தயங்கிக் கேட்டாய். தயங்க வேண்டியதே இல்லை. உன் வயதில் கேட்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

நான் ஊரூர் குப்பத்தில் பிறந்தவள். பெசன்ட் நகர் கடற்கரையில், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. பக்கத்திலேயே தியோசாபிகல் சொசைட்டியின் பெரிய தோட்டம். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ மெய்ப்பொருளைத் தேடி அந்தத் தோட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள். தோட்டச் சுவருக்கு இந்தப் பக்கம் என் அப்பா விடியுமுன் கட்டுமரம் தள்ளினார். இரண்டு பக்கத்தையும் பார்த்து வளர்ந்து, பள்ளிக்கூடத்து டீச்சராக வாழ்நாளைக் கழித்தவள் என்ற உரிமையில் சிலதைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் படித்துவிடாதே.

1. இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கு. வேலையை விட்டுவிட்டு இமயமலைக்குப் போகலாமா என்று கேட்டாயே, வேண்டாம். எங்கள் குப்பத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த மனிதரைப் பார். ஹென்றி ஸ்டீல் ஒல்காட் 1832-ல் அமெரிக்காவில் பிறந்தவர். அந்த நாட்டின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் கர்னல், பிறகு வக்கீல். 1875-ல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலியவர்களோடு சேர்ந்து சொசைட்டியைத் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. 1880-ல் இலங்கையின் காலி நகரத்தில் பௌத்தத்தின் பஞ்சசீலத்தை ஏற்றுக்கொண்டார். 1882 டிசம்பரில் அடையாற்றுக்குக் குடிவந்தபோது ஐம்பது வயது. காலம் கடந்துவிட்டது என்று அவர் நினைக்கவில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அதுவரை கற்ற எதையும் அவர் வீசி எறியவில்லை. ஆட்களைத் திரட்டவும் கணக்கு வைக்கவும் சட்டம் பேசவும் தெரிந்தவர் அந்தத் திறமையோடுதான் இங்கே வந்தார். அதைக் கொண்டுதான் பள்ளிக்கூடங்களும் நூலகமும் எழுந்தன. உனக்குத் தெரிந்த தொழில் உன் தேடலுக்குத் தடை இல்லை. அதையும் கூடவே எடுத்துக்கொண்டு வா.

2. உன் பாட்டி கும்பிட்ட சாமியைக் கீழாக நினைக்காதே. குப்பத்தில் எல்லையம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் வாங்க வரிசையில் நிற்பவர்களிடம் யாரும் கோத்திரம் கேட்பதில்லை. நான் கல்லூரியில் கால் வைத்த புதிதில் நாலு தத்துவப் புத்தகம் படித்துவிட்டு, இதெல்லாம் அறியாத சனங்களின் பயம் என்று வீட்டில் பேசினேன். அம்மா கோபப்படவில்லை. "கடலுக்குப் போன மனுசன் திரும்பி வர்ற வரைக்கும் நான் யார்கிட்ட பேசறது?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் தேடித் தேடி எனக்கு நரை விழுந்ததுதான் மிச்சம். பயத்தில் பிறந்த பக்தி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அலைக்கு அப்பால் கணவனை அனுப்பிவிட்டு அடுப்பு மூட்டும் ஒரு பெண்ணின் மனத்தில் பயம் எது, அன்பு எது என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? நீ நாளைக்கு வேதாந்தம் படி, விபசனா போ, தேவாலயத்தில் முழந்தாளிடு. எங்கே போனாலும் உன் பாட்டி விளக்கேற்றிய இடத்தில் ஒரு நிமிடம் நின்று வணங்கிவிட்டுப் போ.

3. கொஞ்சமாகச் செய், தினமும் செய். பத்து நிமிடம் போதும். அது பிரார்த்தனையா, ஜபமா, வெறுமனே உட்கார்ந்திருப்பதா என்பது உன் விருப்பம். முதல் வாரமே இரண்டு மணி நேரம் உட்காருகிறவர்கள் மூன்றாம் வாரம் காணாமல் போவதை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் உனக்கு நேர்வதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே. ஒளி தெரிந்தது, உடம்பு லேசானது என்று சொல்லச் சொல்ல, அடுத்த நாள் சொல்வதற்காகவே மனசு எதையாவது தயாரித்து வைக்கும். வெளியே போகாத வார்த்தைதான் உள்ளே வேர் பிடிக்கும்.

4. நீ வளர்கிறாயா என்று அறிய மீன் விற்கும் அம்மாவிடம் போ. கடற்கரைப் பக்கம் காலையில் தியானமும் யோகாவும் முடித்துவிட்டு மீன் வாங்க வருகிறவர்கள் உண்டு. ஒரு நாள் அப்படி வந்த ஒருவர், முகத்தில் அத்தனை அமைதியோடு, ஒரு கூறு சங்கராவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி வெகுநேரம் பேரம் பேசினார். அந்தம்மா கடைசியில் சொன்னாள்: "உண்டியல்ல போடுறப்போ சாமிகிட்ட கொறைச்சுக் கேட்டியா? விடியக்காலம் கடலுக்குப் போய்ட்டு வந்தவன்கிட்ட மட்டும் ஏன் கேக்குற?" நான் கேட்ட உபதேசங்களில் இதற்கு ஈடானது அதிகம் இல்லை. பேரமே பேசாதே என்று சொல்லவில்லை; வாங்குவதும் விற்பதும் இருந்தால் பேரமும் இருக்கும். பேசும்போது எதிரே இருப்பவரின் முகம் உனக்குத் தெரிகிறதா என்று பார். வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவரிடம், ஆட்டோ ஓட்டுகிறவரிடம், அலுவலகத்தில் உனக்குக் கீழே வேலை செய்கிறவரிடம் உன் குரல் எப்படி இருக்கிறது? கண்ணை மூடி உட்காரும்போது நாம் எல்லோருமே நல்லவர்கள்தான்.

5. குருவைத் தேடு, உன் புத்தியை அடகு வைக்காதே. இதைச் சொல்ல இந்தக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இல்லை. 1909-ல் இங்கேதான் லெட்பீட்டர் என்ற தியோசாபிகல் பெரியவர், மணலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு மெலிந்த பையனைக் கண்டார். மதனப்பள்ளியில் பிறந்த பையன்; தாயை இழந்தவன்; தந்தை சொசைட்டியில் வேலை பார்த்தார். இவன்தான் உலகத்துக்கு வரப்போகும் குருவுக்கு உடலாகப் போகிறவன் என்றார் லெட்பீட்டர். அன்னி பெசன்ட் அம்மையார் அதை நம்பினார். 1911-ல் அந்தப் பையனுக்காக 'கிழக்கின் நட்சத்திரம்' என்று ஓர் அமைப்பே உண்டானது. தந்தை அந்தப் பையனையும் அவன் தம்பியையும் திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போட்டு, அது சென்னை உயர் நீதிமன்றத்தையும் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பல நாடுகளில் பல்லாயிரம் பேர் அந்த இளைஞரின் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

1929 ஆகஸ்ட் 3. ஹாலந்தில் ஓமன் என்ற ஊர். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் கூடியிருக்க, பெசன்ட் அம்மையாரும் அமர்ந்திருக்க, அன்றைய பையனான ஜே. கிருஷ்ணமூர்த்தி எழுந்து அந்த அமைப்பைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். எந்த அமைப்பும் யாரையும் உண்மைக்குக் கூட்டிப்போய்ச் சேர்க்க முடியாது, தனக்குச் சீடர்கள் வேண்டாம் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அமைப்புக்கு வந்த சொத்துகளைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய பெசன்ட் அம்மையாருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று நினைத்துப் பார். ஆனால் 1933-ல் அடையாற்றில் கண்ணை மூடும்வரை கிருஷ்ணமூர்த்திமேல் வைத்த அன்பை அம்மையார் விடவில்லை.

1980-களின் தொடக்கத்தில், குளிர்காலத்தில் சென்னைக்கு வரும்போது, கிருஷ்ணமூர்த்தி மாலை வேளைகளில் இந்தக் கரையில் நடப்பார். நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வெள்ளை உடை, நிமிர்ந்த முதுகு, வேகமான நடை. வலை பிரித்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்களில் பலருக்கு அவர் யார் என்றே தெரியாது. அது அவருக்குப் பிடித்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். அதே மனிதர் பசுமைவழிச் சாலையில் வசந்த விகாரில் பேச உட்கார்ந்தால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். குரு என்று யாரையும் வைக்காதே என்று சொன்னவரையே சிலர் குருவாக வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், பொறுப்பு அந்தப் பக்கம் இல்லை, உன் பக்கம் இருக்கிறது.

யாரிடமாவது கற்றுக்கொள்ளப் போனால் இரண்டைப் பார். மாட்டேன் என்று சொல்கிறவரை அவர் எப்படி நடத்துகிறார்? விட்டுப் போனவரைப் பற்றி எப்படிப் பேசுகிறார்? இந்த இரண்டிலும் தேறியவரிடம் நம்பிப் படி. தேறாதவர் எத்தனை நூல் கற்றவராக இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு.

6. ஞானத்துக்கு விலைப்பட்டியல் போட்டிருந்தால் எழுந்து வா. முதல் நிலைக்கு இவ்வளவு, அடுத்த நிலைக்கு அதைவிடக் கூட என்று கேட்கிற இடத்தில் மேல் நிலை என்று ஒன்று முடிவில்லாமல் இருந்துகொண்டே இருக்கும். இடத்துக்கு வாடகை, சாப்பாட்டுக்குச் செலவு என்று வெளிப்படையாகக் கேட்டால் மனமாரக் கொடு. கணக்குக் கேட்டால் முகம் மாறுகிறதா, அங்கே நன்கொடை எழுதாதே.

7. பெரியவர்களை நேசி, கண்ணைத் திறந்துகொண்டே நேசி. ஒல்காட் 1894-ல் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார். அந்தக் காலத்துச் சென்னையில் அது எத்தனை பேருக்குக் கசந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் நடக்கிறது. எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் அங்கே படித்துத்தான் எழுத்தறிந்தார்கள். அவருக்குப் பின் தலைவராக வந்த பெசன்ட் அம்மையாரோ லண்டனில் 1888-ல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்தவர். பாதிரியாரின் மனைவியாக இருந்து, நாத்திகராகி, சோஷலிஸ்டாகி, பிறகு தியோசாபிக்கு வந்தவர். 1917-ல் காங்கிரஸ் தலைவர் ஆனவர். ஒரே வாழ்க்கையில் இத்தனை முறை தன்னையே கேள்வி கேட்டு மாறிய துணிவை நான் வணங்குகிறேன். அதே அம்மையார் 1909-ல், பஞ்சமக் குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் சேர்த்து உட்காரவைப்பதை எதிர்த்து எழுதினார். அழுக்கு, நாற்றம் என்றெல்லாம் காரணம் சொன்னார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சகல மனிதரும் சகோதரர் என்று சொன்ன வாயிலிருந்துதானே இதுவும் வந்தது? இரண்டும் உண்மை, கண்ணு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்காதே.

இதோடு சேர்த்து அயோத்திதாச பண்டிதரையும் தெரிந்துகொள். 1898-ல் ஒல்காட்டின் துணையோடு இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார். அவர் மனநிம்மதி தேடிப் பௌத்தத்துக்குப் போகவில்லை. தன்னையும் தன் மக்களையும் தாழ்ந்தவர் என்று சொல்லும் கதைக்கு வெளியே நிற்க ஓர் இடம் தேடினார். தமிழ் நூல்களையும் வரலாற்றையும் தன் கண்ணால் திரும்பப் படித்தார். ஆன்மிகம் என்றால் உள்ளுக்குள் நடப்பது மட்டும்தான் என்று யாராவது உன்னிடம் சொன்னால் அயோத்திதாசரை நினைத்துக்கொள். குனிந்தே நிற்கப் பழக்கப்பட்டவனுக்கு நிமிர்வதும் தவம்தான்.

8. படி. ஆனால் படித்ததை அடைந்ததாக எண்ணாதே. ஒல்காட் 1886-ல் தொடங்கிய அடையாறு நூலகத்தில் ஓலைச்சுவடிகள் குவிந்து கிடக்கின்றன. அதைத் திறந்தபோது பல சமயத்துப் பெரியவர்கள் வந்து வாழ்த்தினார்கள். அந்த மாதிரி இடத்தில் மௌனமாக ஒரு பகல் உட்கார்ந்துவிட்டு வா. மனிதர்கள் எத்தனை காலமாக, எத்தனை மொழியில் இதையே கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தாலே பாதி அகங்காரம் இறங்கும். ஒரு நூலை மும்முறை படிப்பது மூன்று நூல் படிப்பதைவிட நல்லது என்பது என் அனுபவம்.

9. அடுத்தவர் வாசலிலும் செருப்பைக் கழற்று. எங்கள் பக்கத்தில் இது தானாகவே பழகிவிடும். தோட்டத்துக்குள் இந்துக் கோயில், புத்தர் சந்நிதி, தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் மரங்களுக்கு நடுவே இருக்கின்றன. வெளியே கடலைப் பார்த்தபடி அன்னை வேளாங்கண்ணி ஆலயம். கொஞ்சம் நடந்தால் 1976-ல் குடமுழுக்கு நடந்த அஷ்டலட்சுமி கோயில். இன்னும் நடந்தால் அறுபடைவீடு முருகன். ஆகஸ்ட் 29-ல் மாதா கோயிலில் கொடியேற்றினால் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர்ச் சாலைகளில் காவி உடுத்தி வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களின் கூட்டம். அவர்களில் எத்தனை பேர் நெற்றியில் குங்குமம் இருக்கிறது என்று பார். குப்பத்தில் ஆடிக்குக் கூழ் குடித்த வீட்டுப் பெண்கள் ஆவணியில் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அவர்களைப் பார்த்துக் குழப்பவாதிகள் என்று சொல்லாதே. துன்பத்தை எடுத்துப் போக ஒரு தாய் வேண்டும். அவள் பெயர் இரண்டாக இருந்தால் அவர்களுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். எல்லாச் சமயமும் ஒன்றே என்று மேடையில் பேசுவது சுலபம். பக்கத்துத் தெருக்காரர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அத்தனை சுலபமாக இல்லை என்பதை இந்த ஊர் எனக்குக் காட்டியிருக்கிறது. பெசன்ட் நகர் அடுக்கு வீடுகளில் பல காலம் இருந்தவர்களில் எத்தனையோ பேர் குப்பத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. 2015-ல் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் சேர்ந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவைத் தொடங்கிய பிறகுதான் சிலர் முதல்முறையாக எங்கள் மண்ணில் வந்து உட்கார்ந்தார்கள். கச்சேரி கேட்டார்கள், பிறகு பறையும் கேட்டார்கள். அதில் பாட்டைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, வந்தவர்கள் வீடு திரும்பும்போது எங்கள் சந்துகளின் வழியாக நடந்து போனதுதான்.

எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவிடத்தை நீ பார்த்திருப்பாய். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன டென்மார்க்குக்காரருக்காகக் கட்டியது. அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று நாங்கள் யாரும் விசாரித்ததில்லை.

10. துயரத்தில் இருப்பவருக்கு விளக்கம் சொல்லாதே. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடல் உள்ளே வந்தது. போன உயிர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவர்கள் வீட்டார் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். படகு, வலை, இன்ஜின், பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம் என்று ஒன்று விடாமல் போன வீடுகள் எத்தனையோ. அந்த வாரத்தில் ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருவர், எல்லாம் இழந்து உட்கார்ந்திருந்த ஒரு தாயிடம், இது முன்வினை, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்தத் தாய் எழுந்து போய்விட்டாள். மறுநாள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டின் நனைந்துபோன ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டு போய், பக்கம் பக்கமாகத் துணி வைத்து இஸ்திரி போட்டுக் காயவைத்து, சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தாள். நிவாரணம் வாங்க அந்தக் கார்டு வேண்டியிருந்தது. கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அந்தக் கேள்வி ஒரு நாள் உன் வீட்டுக்கும் வரும், கண்ணு. அப்போது நம்பிக்கை உடைந்துபோனால் நீ தோற்றுவிட்டதாக நினைக்காதே. கிருஷ்ணமூர்த்திக்கு நித்யா என்று ஒரு தம்பி இருந்தார். சிறு வயதிலிருந்து இருவரும் பிரிந்ததே இல்லை எனலாம். நித்யாவுக்குக் காசநோய். உலக குருவின் வேலைக்கு அவர் தேவை, மறைவாக இருந்து வழிநடத்துவதாகச் சொசைட்டியார் நம்பிய மகாத்மாக்கள் அவரைச் சாகவிட மாட்டார்கள் என்று கிருஷ்ணமூர்த்தி முழுதாக நம்பினார். 1925 நவம்பரில், சொசைட்டியின் பொன்விழாவுக்காகப் பெசன்ட் அம்மையாரோடு கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார். சூயஸ் கால்வாயை எட்டும் நேரத்தில் தந்தி வந்தது: கலிபோர்னியாவில் நித்யா இறந்துவிட்டார். இரவெல்லாம் தம்பியின் பெயரைச் சொல்லி, தாய்மொழியான தெலுங்கில் அரற்றி அழுதார் என்று அதே அறையில் பயணம் செய்த நண்பர் எழுதிவைத்திருக்கிறார். நாள்கள் கழிந்து கரை இறங்கியபோது ஒரு தெளிவு முகத்தில் இருந்ததாம். அவர் நம்பிய வாக்குறுதி பொய்த்துப்போனது. அந்தத் துக்கத்திலிருந்து அவர் தப்பி ஓடவில்லை, அதன் அடிவரைக்கும் போனார். நாலே வருடத்தில் ஓமனில் அவர் எல்லாவற்றையும் கலைத்தாரே, அதன் தொடக்கம் அந்தக் கப்பல் அறையில்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அறிஞர்கள் வேறு காரணங்களும் சொல்லலாம்.

இதைக் கும்பிட்டால் இது நடக்காது என்ற ஒப்பந்தத்தில் உன் நம்பிக்கையைக் கட்டாதே. அம்மனிடம் வேண்டிக்கொள், வேண்டிக்கொள்ளாமல் மனிதர் எப்படி வாழ்வது? வேண்டியது நடக்காத நாளிலும் அவளிடம் போய்ச் சண்டை போடும் உரிமையை வைத்துக்கொள். எங்கள் குப்பத்துப் பெண்கள் அம்மனை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். மறுநாள் விளக்கும் ஏற்றுவார்கள். திட்டிய வாயாலேயே கும்பிட முடிகிற உறவைவிட ஆழமான உறவு எனக்குத் தெரிந்து இல்லை.

11. வறண்ட காலம் வரும். அப்போதும் எழுந்து உட்கார். தொடக்கத்தில் மனசு பொங்கும், கண்ணீர் வரும், கோயில் மணி கேட்டாலே சிலிர்க்கும். அதெல்லாம் ஒரு நாள் நின்றுபோகும். பிரார்த்தனை சொல்லும் வாய் மட்டும் அசையும். என் அப்பா வாடைக்காற்றுக் காலத்தில் நாள்கணக்கில் வெறும் வலையோடு திரும்புவார். "இன்னிக்குப் பாடு இல்ல" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கடலைக் குறை சொன்னதில்லை, தன்னையும் குறை சொன்னதில்லை. உட்கார்ந்து கிழிந்த கண்ணியைத் தைப்பார். உனக்குப் பாடு இல்லாத மாதங்களில் நீயும் அப்படித் தைத்துக்கொண்டிரு. பேசாமல் விட்ட உறவு இருந்தால் போய்ப் பேசு. கொடுக்க வேண்டிய பணம் இருந்தால் கொடு. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் இருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடு. தியானம் கூடாத நாட்களில் செய்ய இவ்வளவு வேலை கிடக்கிறது.

12. தனியாகத் தேடாதே. கூட நடக்க ஒருவரோ இருவரோ போதும். அவர்கள் உன் கருத்தை ஒத்துக்கொள்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடவுளே இல்லை என்று சொல்கிற நேர்மையான நண்பர் ஒருவர் இருந்தால் அவரை இழந்துவிடாதே. உன் சொற்களில் பொய் கலக்கும்போது முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். வயதானவர்களோடும் உட்கார். நான் எழுதியதில் உனக்கு ஒவ்வாதது நிச்சயம் இருக்கும். குருவைப் பற்றி நான் சொன்னது உனக்குக் கடுமையாகப் படலாம். பெசன்ட் அம்மையாரைப் பற்றிச் சொன்னது உன் தாத்தாவுக்குக் கோபம் மூட்டும். வா, வாதாடலாம். அவரையும் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வா. எதைப் பற்றி என் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறாயோ, அதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா. காது முன்போல் கேட்பதில்லை. வாசித்தே பதில் சொல்கிறேன்.